ஒரு நாளைக்கு இரண்டு சொட்டு

கதவில் சிவப்பு எழுத்தில் 'பணியாளர் தவிர மற்றவர்களுக்கு அனுமதி இல்லை' என்று போட்டிருக்கிறது. நான் பணியாளர் இல்லை. நீங்களும் இல்லை. இருந்தாலும் தலைக்கு நீலத் தொப்பி, முகத்துக்கு மாஸ்க், தோளில் நிற்காமல் வழுக்கும் பச்சை உடுப்பு எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே வந்தாயிற்று. அனுமதி வாங்கிய கதை பெரிது, அதை விடுங்கள். எதையும் தொடாதீர்கள். நீலத்துணி விரித்த அந்த மேஜைப் பக்கம் மட்டும் மூச்சுகூட விடாதீர்கள். சென்னை மருத்துவமனை ஒன்றின் பின்கட்டு இது. இன்னும் சற்று நேரத்தில் ஒரு பம்ப்புக்கு மருந்து நிரப்பப் போகிறார்கள். பம்ப் எங்கே என்று தேடாதீர்கள். அது ஒருவருடைய வயிற்றுத் தோலுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது!

பளபளவென்று ஓர் அறையை எதிர்பார்த்து வந்தேன். அந்தக் கண்டிப்பெல்லாம் நீலத்துணி மேஜைக்கு மட்டும்தான். ஜன்னல் விளிம்பில் காலி அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. கால் உடைந்த ஐ.வி. ஸ்டாண்டு ஒன்றைப் பிளாஸ்டர் சுற்றி நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் யாரோ மைக்ரோகிராம் கணக்குப் போட்டுக் கூட்டி, அடித்து, மறுபடி கூட்டியிருக்கிறார்கள். ஏ.சி. ரிமோட் தொலைந்து மாதக்கணக்கு ஆகிறதாம். யாராவது ஸ்டூல் மேல் ஏறிப் பேனா முனையால் குத்தினால்தான் அது உயிர் பெறும். அந்த வேலைக்கென்றே உயரமான வார்டுபாய் ஒருவரை எல்லோரும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

"அத்திப்பட்டுப் பார்ட்டி வந்துடுச்சு!" என்று வராந்தாவிலிருந்து சிஸ்டர் குரல்.

சக்கர நாற்காலியில் இருபத்தாறு வயது இளைஞன், கூடவே அவன் அம்மா, அம்மா கையில் தூக்குச்சட்டி. பொழுது விடியுமுன்பே வேனில் கிளம்பிவிட்டார்கள். திருவொற்றியூர்-பொன்னேரி சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை கட்டுவதற்குள் தாண்டிவிட வேண்டும். மாட்டினால் அன்றைய நாள் அவ்வளவுதான். நாற்காலியின் சக்கரத்தைக் குனிந்து பாருங்கள், ரப்பர் வரிகளுக்குள் சாம்பல் நிறப் பொடி படிந்திருக்கிறது. அனல் மின் நிலையத்துச் சாம்பல். சிஸ்டர் ஈரத்துணியை எடுத்து இரண்டு சக்கரத்தையும் துடைத்த பிறகுதான் வாசலைத் தாண்ட விடுகிறார்.

"எங்க ஊரு துன்னூறு சிஸ்டர் அது. நெத்தியில இட்டுக்கோங்க" என்கிறான் பையன்.

தூக்குச்சட்டியைத் திறக்காமலேயே நெத்திலிக் குழம்பு என்று தெரிகிறது. மாஸ்க்கைத் தாண்டி வரும் வாசனை அது. மதியம் வார்டுபாய்க்கும் ஒரு கரண்டி என்பது பழைய ஒப்பந்தமாம்.

சில வருடங்களுக்கு முன் வேலையிடத்தில் சாரத்திலிருந்து விழுந்து இவனுக்கு முதுகுத்தண்டில் அடிபட்டது. கால்கள் சொன்னபடி கேட்கவில்லை. அது பாதிக் கதைதான். மீதியை அவனே சொல்லட்டும். "கால் நம்ம பேச்ச கேக்கலன்னா பரவால்லக்கா, சும்மா கெடந்தா சரி. அது சும்மா இருக்காது. அதுபாட்டுக்குத் துள்ளும், ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும், நடுராத்திரில ஒதைக்கும். ஒரு வாட்டி ஒதச்ச ஒதைல தண்ணி சொம்பு எகிறி டிவி மேல போயி வுழுந்துச்சு." மூளையிலிருந்து வரும் 'அடங்கு' என்ற கட்டளை வழியிலேயே அறுந்துபோனால், தண்டுவடம் தன்னிச்சையாகத் தசைகளை முறுக்கிவிடுகிறது. அந்த முறுக்கைத் தளர்த்தும் மருந்து பேக்லோஃபென். மாத்திரையாகச் சாப்பிட்ட காலத்தில் தினம் 60 மில்லிகிராம். கால் கொஞ்சம் அடங்கியது, ஆனால் ஆள் பகலெல்லாம் தூங்கினான். மருந்து உடம்பு முழுக்கச் சுற்றிவிட்டுத் தண்டுவடத்துக்குக் கொசுறு மட்டும் கொடுத்தால் வேறென்ன ஆகும்?

அதே மருந்தைத் தண்டுவடத்தைச் சூழ்ந்திருக்கும் திரவத்திலேயே நேராகச் சேர்த்தால்? இப்போது இவனுக்கு நாளொன்றுக்கு 200 மைக்ரோகிராம் போகிறது. மாத்திரையில் தின்றதில் முந்நூறில் ஒரு பங்கு. கணக்கை நானும் அந்தக் காலண்டர் தாளிலேயே போட்டுப் பார்த்தேன். சரிதான். இதை முதலில் செய்துகாட்டியவர்களில் முக்கியமானவர் சிகாகோ நரம்பியல் அறுவை மருத்துவர் ரிச்சர்ட் பென். 1980களின் நடுவில் அவர் குழுவின் முடிவுகள் வெளிவந்தன. 1992-இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது.

டாக்டர் இன்னும் வரவில்லை. வேறொரு கேஸில் மாட்டிக்கொண்டாராம். நமக்கு நல்லதுதான். கம்பெனித் தம்பியின் பையைக் கிளறிப் பார்க்கலாம் வாங்க.

கம்பெனித் தம்பி என்றால் பம்ப் தயாரிப்பாளரின் பிரதிநிதி. பச்சை உடுப்புக்குள்ளே கழுத்தில் டை எட்டிப் பார்க்கிறது. அவர் பையிலிருந்து சார்ஜர் வயர், பிஸ்கட் பாக்கெட், மடிக்கணினி, மறுபடி சார்ஜர் வயர் எல்லாம் வெளியே வந்த பிறகு, கடைசியில் வெல்வெட் பைக்குள்ளிருந்து வருகிறது அந்தச் சாமான். டைட்டானியம் வட்டு. 87.5 மி.மீ. குறுக்களவு, 20 மி.லி. கொள்ளும் ரகத்துக்குத் தடிமன் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. காலியாக இருக்கும்போது 165 கிராம். வெளிப்பார்வைக்குச் சுரத்தே இல்லாத ஒரு உலோக டப்பா. ஆனால் இது செயல்விளக்கத்துக்கென்று ஒரு பக்கம் கண்ணாடியாக விட்ட மாதிரி. உள்ளே தெரிகிறது! நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பையன் தன் வயிற்றில் இருப்பதன் உள்பக்கத்தை நாற்காலியிலிருந்து எட்டி எட்டிப் பார்க்கிறான். இத்தனை வருடத்தில் யாரும் அவனுக்குக் காட்டியதில்லையாம்.

மேலே நட்டநடுவில் சிலிகோன் ரப்பர் மூடி. ஊசி குத்தினால் வழிவிட்டு, எடுத்ததும் தானே மூடிக்கொள்ளும். அதற்குக் கீழே மடிப்பு மடிப்பாக உலோகத் துருத்தி. மருந்து அதற்குள். துருத்தியைச் சுற்றி அடைத்த வாயு அதை எப்போதும் லேசாக அழுத்திக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் மின்கலம், சர்க்யூட், சின்ன மோட்டார், அதைவிடச் சின்னப் பல்சக்கரங்கள். ஒன்றின் பல்லை எண்ணப் பார்த்து, கண் வலித்து விட்டுவிட்டேன். மருந்து ஒரு மெல்லிய குழாய்க்குள் வந்து நிற்கும். அந்தக் குழாயின் மேல் உருளைகள் நசுக்கிக்கொண்டே நகரும். நசுங்கும் இடம் நகர நகர, முன்னால் இருக்கும் மருந்துக்கு வெளியேறுவதைத் தவிர வேறு வழியில்லை. வால்வு கிடையாது, தெறிப்பு கிடையாது. அங்கிருந்து தோலுக்கடியிலேயே இடுப்பைச் சுற்றிப் போகும் சன்னமான குழாய் முதுகெலும்புக்குள் நுழைகிறது.

"அவ்ளோதானா?" என்கிறான் பையன், ஏமாற்றமாக.

"அவ்ளோதான். ஆனா அது நிக்கக்கூடாது, ஓடவும் கூடாது" என்கிறார் மருத்துவமனையின் பயோமெடிக்கல் பொறியாளர். மூலையில் இருந்த இன்னொரு கருவியைத் திறந்துபோட்டு, ஸ்குரூவை வாயில் கவ்விக்கொண்டு வேலை பார்த்தவர், இதற்காகவே ஸ்குரூவை எடுத்துவிட்டுப் பேசினார். நான் அந்த வாக்கியத்தை உடனே எழுதிக்கொண்டேன்.

அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. இந்த வகைப் பம்ப்பின் மூதாதை மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பிறந்தது. 1960களின் கடைசியில் ஹென்றி புக்வால்ட் என்ற அறுவை மருத்துவரும் பெர்ரி பிளாக்ஷியர் என்ற இயந்திரவியல் பேராசிரியரும் சேர்ந்த குழு அது. ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் மருந்தை விடாமல் கொடுக்க வேண்டும், அதற்காக நோயாளியைக் கட்டிலோடு கட்டிப்போடவும் கூடாது. மின்கலமே இல்லாமல் சாதித்தார்கள் என்பதுதான் அதில் அழகு. துருத்திக்கு வெளியே ஃப்ரியான் வகைத் திரவம். உடம்புச் சூட்டில் அது ஆவியாகித் துருத்தியை அழுத்தும், மருந்து சொட்டும். மருந்து தீர்ந்ததும் ஊசி வழியாகப் புதிதாக ஏற்றினால், அந்த அழுத்தத்தில் ஆவி மறுபடி திரவமாகிவிடும். மருந்து நிரப்புவதே பம்ப்பை மீண்டும் முடுக்கிவிடுவதும் ஆகிறது! எனக்குக் கைதட்டத் தோன்றியது. கையுறை மாட்டியிருந்ததால் சத்தம் சரியாக வரவில்லை.

"காய்ச்சல் வந்தா?" என்று கேட்டது அம்மா. அந்த அறையில் எழுந்த கேள்விகளிலேயே கூர்மையானது. ஆமாம், காய்ச்சல் வந்தால் ஆவி அழுத்தம் கூடும், மருந்தும் கூடுதலாகப் போகும். மலையேறினாலும் மாறும். வெளியிலிருந்து அளவை மாற்றவும் வழியில்லை. அதனால்தான் அடுத்த தலைமுறைக்கு மோட்டாரும் சர்க்யூட்டும் வந்தன. செயற்கைக்கோள்களோடு மாரடித்துக்கொண்டிருந்த ராபர்ட் ஃபிஷெல் என்ற அமெரிக்கப் பொறியாளர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வகத்தில் இன்சுலினுக்கென்று ஒரு பம்ப் செய்தார். 1986-இல் அதை மனித உடம்பில் பொருத்தினார்கள். நம் முன்னால் இருக்கும் வட்டின் குடும்பமான மெட்ரானிக் நிறுவனத்தின் சிங்க்ரோமெட், 1988-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது.

இன்சுலின் பம்ப் ஏன் இன்று ஊரெல்லாம் வயிற்றுக்குள் ஓடவில்லை? இன்சுலின் உடம்புச் சூட்டில், ஓயாத அசைவில், கட்டி தட்டிக் குழாயை அடைத்துவிட்டது. அதற்கென்றே தனி இன்சுலின் தயாரிக்க வேண்டியிருந்தது. மோட்டார் ஓடினாலும் மருந்து சண்டித்தனம் செய்தால் என்ன செய்வது? பேக்லோஃபென் பம்ப்புக்கும் சோதனைகள் வந்திருக்கின்றன. பல்சக்கரத்தில் அரிப்பு ஏறி மோட்டார் நின்றுபோன சம்பவங்கள் உண்டு. 2015 ஏப்ரலில் தயாரிப்புக் குறைகளைச் சரிசெய்யச் சொல்லி அமெரிக்க அரசு நீதிமன்றம் வரை போய் உடன்படிக்கை போட்டது. கம்பெனித் தம்பி இந்த இடத்தில் சார்ஜர் வயரை மும்முரமாகச் சுற்ற ஆரம்பித்தார். ஆனாலும் மறுக்கவில்லை.

விலை? லட்சங்களில். மின்கலம் தீரும்போது, அதாவது ஏழு வருடத்துக்குள், வட்டையே மாற்ற வேண்டும், மறுபடி லட்சங்கள். அதனால்தான் நம் ஊரில் இதை வயிற்றில் சுமப்பவர்கள் கொஞ்சம் பேர். நான் பார்த்த சாமான் அத்தனையும் இறக்குமதி. பம்ப் என்றாலே கோயம்புத்தூர் என்று சொல்லும் மாநிலத்தில் இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. உடம்புக்குள் வைக்கும் சாமான் நமக்கு வராத வித்தையும் இல்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா நிலையத்தில் உருவான இதய வால்வை 1990-இலேயே மனித இதயத்தில் பொருத்திவிட்டார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் அரோலேப் 1992-இலிருந்து கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைத் தயாரிக்கிறது. பம்ப் மட்டும் ஏன் இறங்கி வரவேண்டும்? பொறியாளரிடம் கேட்டேன். ஸ்குரூவை மறுபடி வாயில் போட்டுக்கொண்டார்.

டீ வந்தது. இங்கே குடிக்கக்கூடாது, பக்கத்துச் சின்ன அறைக்குப் போகலாம். ஒரு ஃபைல் அலமாரி, தையல் பிரிந்த சோபா, மைக்ரோவேவ் மேல் ஒரு பிள்ளையார். இடம் இல்லாததால் பையனுடைய நாற்காலியின் கைப்பிடிதான் டீ டம்ளர்களுக்கு மேஜை.

அம்மாவுக்குப் பூர்வீகத் தொழில் உப்பளம். அத்திப்பட்டு, வல்லூர் பக்கத்து உப்பளங்களில் சின்ன வயதில் வேலை பார்த்தவர். அதைக் கேட்டதும் கம்பெனித் தம்பி உற்சாகமாகிவிட்டார். மோட்டாரும் இல்லாமல், வாயுவும் இல்லாமல், வெறும் உப்பால் ஓடும் பம்ப் ஒன்று இருந்தது தெரியுமா என்றார். கேட்டால் நம்ப மாட்டீர்கள். 4 மி.மீ. குறுக்களவு, 45 மி.மீ. நீளம், டைட்டானியக் குழல். கைத்தோலுக்கு அடியில் வைத்துவிடுவார்கள். ஒரு முனையில் தண்ணீரை மட்டும் உள்ளே விடும் சவ்வு, அதன் பின்னால் உப்பு வில்லை, அதையடுத்து ஒரு தக்கை, அப்புறம் மருந்து. உடம்பின் ஈரத்தை உப்பு மெல்ல மெல்ல இழுக்கும், உப்பிப் பெருக்கும், தக்கையைத் தள்ளும், மறுமுனையில் மருந்து கசியும். ஒரு வருடம், நாளுக்கு 120 மைக்ரோகிராம், அசையாத கணக்கு. வயாடர் என்று பெயர். புராஸ்டேட் புற்றுநோய்க்காக 2000-ஆவது ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இப்போது விற்பனையில் இல்லை. இதன் முதல் யோசனை 1955-இல் ஆஸ்திரேலியாவில் ரோஸ், நெல்சன் என்ற இருவருடையது. அவர்கள் நினைத்தது ஆடு மாடுகளின் வயிற்றுக்கு.

அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "உப்பு தண்ணிய இழுக்கும்னு எனக்கே சொல்றியா தம்பி? உப்பு வாரி வாரி கைத்தோலு சுருங்கிப்போயி, ராவுல சோறு பெசய முடியாம அழுதவ நான்."

அதேதான். அந்தக் கைத்தோலில் நடந்ததுதான் அந்தக் குழலுக்குள்ளும் நடக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அத்திப்பட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் காட்டுப்பள்ளியில் 2010-லிருந்து கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது. நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் கொடுக்கக் கட்டியது. அங்கே இதே விதியைத் தலைகீழாகத் திருப்பி, உப்பின் இழுப்பை எதிர்த்துத் தண்ணீரைப் பிழிந்தெடுக்கிறார்கள். அதற்கு ராட்சத அழுத்தம், ராட்சத பம்ப்கள். பையனின் அப்பாவும் ஒரு பெரிய ஆலையில் பம்ப் ஹவுஸ் வேலைக்காரர்தான். கடல்நீரை இழுக்கும் பம்ப்புகளின் இரைச்சலில் நாள் முழுக்க நின்றதால் வீட்டிலும் கத்தித்தான் பேசுவாராம்.

"எங்கப்பா பம்ப்பு ஒரு நிமிஷத்துல எறைக்கிறத எம்பம்ப்பு எறைக்க எத்தினி வருசம் ஆவும் சார்?" என்றான் பையன்.

யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் அவன் பம்ப் இறைப்பது எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுவிடலாம். ஒரு மி.லி.யில் 2000 மைக்ரோகிராம் மருந்து. நாளுக்கு 200 வேண்டும் என்றால் 0.1 மி.லி. இரண்டு சொட்டு. இருபத்து நான்கு மணி நேரத்துக்கும் சேர்த்து இரண்டே சொட்டு! அதுவும் மொத்தமாக விழாமல், காலை முதல் மறுகாலை வரை பரவலாக. இந்த வட்டு இன்னும் கஞ்சத்தனமாகவும் ஓடும். அதன் குறைந்தபட்சம் நாளுக்கு 0.048 மி.லி. அதாவது ஒரு சொட்டு. வேகமாக இறைக்கும் பம்ப்பை யார் வேண்டுமானாலும் செய்துவிடுவார்கள் என்று பொறியாளர் சொன்னபோது கொஞ்சம் அலட்டலாகத் தோன்றியது. இந்தக் கணக்குக்குப் பிறகு அப்படித் தோன்றவில்லை.

"டாக்டரம்மா வந்துட்டாங்க!" டம்ளர்கள் பறந்தன.

இனி பேச்சு குறையும், பாருங்கள். வயிற்றுத் தோலின் மேல் அந்த வட்டின் விளிம்பு மேடாகத் தெரிகிறது. கிருமிநாசினி தடவி, சுற்றிலும் துணி விரித்து, பிளாஸ்டிக் அச்சுத் தகடு ஒன்றை வட்டின் விளிம்போடு பொருத்துகிறார் டாக்டர். தகட்டின் நடுத்துளைக்கு நேர் கீழேதான் ரப்பர் மூடி இருக்க வேண்டும். ரப்பரைத் துண்டு பெயர்க்காமல் பிளந்து நுழையும் தனி ரக ஊசி, 22 கேஜ். ஏ.சி. மறுபடி படுத்துவிட்டது. டாக்டரின் புருவத்தில் வியர்வை உருள்கிறது. சிஸ்டர் சொல்லாமலேயே பஞ்சை எடுத்து ஒற்றுகிறார். எத்தனை வருடப் பழக்கமோ.

ஊசி இறங்குகிறது. தோல், கொழுப்பு, அப்புறம் ரப்பரின் தடை, அப்புறம் 'டக்'. உலோகத் தரை. அந்த 'டக்'கை டாக்டர் விரலால் கேட்கிறார். நானும் கேட்டதாகச் சத்தியம் செய்வேன், ஆனால் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

இதில் என்ன இவ்வளவு பதற்றம்? ஊசி வட்டுக்குள் போகாமல் பக்கத்துச் சதையில் நின்று, அது தெரியாமல் மருந்தை ஏற்றிவிட்டால், ஆறு மாத மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கும். ஆள் மயங்கி, மூச்சே மந்தமாகிவிடும். அதனால்தான் முதலில் பழைய மருந்தை உறிஞ்சி எடுக்கிறார்கள். எவ்வளவு மீதம் இருக்க வேண்டும் என்று கருவிக்குத் தெரியும். தம்பியின் திரையில் 2.5 மி.லி. சிரிஞ்சில் மெல்ல ஏறுகிறது. ஒன்று. ஒன்றரை. இரண்டு. எல்லோர் கண்ணும் சிரிஞ்சில். குமிழி வந்து நின்றது, 2.7.

"ஓகே" என்கிறார் டாக்டர். அறை முழுக்க ஒரே நேரத்தில் மூச்சு விட்டது. இந்தச் சின்ன வித்தியாசம் சகஜம். பெரிய வித்தியாசம் என்றால் குழாய் மடங்கியிருக்கிறதா, மோட்டார் நின்றதா என்று எக்ஸ்ரே வரை போகும்.

புது மருந்து 0.22 மைக்ரான் வடிகட்டி வழியாக ஏறுகிறது. அவசரம் கூடாது. துருத்தி விரிய வேண்டும், வாயு ஒடுங்க வேண்டும். பையன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிறான். வார்டுபாய் ஸ்டூல் மேலிருந்து, பேனா ஏ.சி.யில் குத்தியபடியே, சொல்கிறார்.

மருந்து நிற்கவும் கூடாது என்றார் அல்லவா பொறியாளர், அதன் கதை 2023 டிசம்பரில் நடந்தது. மிக்ஜாம் புயல். எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் கலந்த வெள்ளம். அந்த வாரம்தான் இவனுக்கு நிரப்பும் தேதி. வட்டுக்குள்ளேயே ஒரு சின்ன ஒலிப்பான் உண்டு, மருந்து குறைந்தால் ஒற்றைச் சத்தம், நிஜமான ஆபத்தென்றால் இரட்டைச் சத்தம். "வூட்டுல தண்ணி, வெளில எண்ணெ, வயித்துல பீப்பு. கரண்டு இல்ல, போனு செத்துடுச்சு. பக்கத்து வூட்டு ஆயா, எங்கியோ கொயந்த அயுவுதுன்னு தேடிக்கினு கீது!" மருந்து திடீரென நின்றால் முறுக்கு பல மடங்காகத் திரும்பும், காய்ச்சல் எகிறும், உயிருக்கே ஆபத்து. அவனுக்கு அது தெரியும். மீனவர் வீட்டு ஃபைபர் படகில் அவனை ஏற்றிப் பெரிய சாலைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து வேன் பிடித்தார்கள். இங்கே வந்ததும் டாக்டர் சிரித்தாராம். சத்தம் வருவது 2 மி.லி. மீதமிருக்கும்போதே. கடைசி ஒரு மி.லி.யை நம்பக்கூடாது என்று வைத்துக்கொண்டாலும் அவனுக்குப் பத்து நாள் கையில் இருந்தது. இரண்டு சொட்டுக் கணக்கை அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டான் என்பது என் எண்ணம்.

ஊசி வெளியே. பஞ்சு, பிளாஸ்டர். கம்பெனித் தம்பியின் முறை. வயிற்றின் மேல் ஒரு கருவியை வைத்து, திரையில் தட்டுகிறார். தோலைத் தாண்டிப் பம்ப்போடு பேச்சுவார்த்தை. பம்ப் தன் நாட்குறிப்பை ஒப்பிக்கிறது. எப்போது ஓடியது, எப்போது நின்றது எல்லாம் வரிசையாக. ஒரு தேதியில் கொஞ்ச நேரம் மோட்டார் நின்றிருக்கிறது. "எம்.ஆர்.ஐ. எடுத்தியா?" "ஆமா சார், தோளுக்கு." காந்தத்தில் நின்று, வெளியே வந்ததும் தானே ஓடியிருக்கிறது. வயிற்றுக்குள் இப்படியொரு கோள்சொல்லி இருந்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கும்.

இப்போது பிசியோதெரபிஸ்ட் வந்து முழங்காலை மடக்கி நீட்டிப் பார்க்கிறார். விறைப்புக்கு மதிப்பெண் போடும் ஆஷ்வொர்த் அளவுகோல். டாக்டர் திருப்தியாகத் தலையாட்டுகிறார். பையன் மட்டும் தொண்டையைச் செருமுகிறான்.

"மேடம், காலைல மட்டும் கொஞ்சம் கொறச்சுக் குடுங்களேன்."

"ஏன்? நல்லாத்தானே இருக்கு?"

"ரொம்ப நல்லா கீது, அதான் பிரச்சன. கட்டில்லேந்து நாற்காலிக்கு மாறசொல்ல கால் கொஞ்சம் வெரப்பா நின்னாத்தான் முட்டு குடுக்க முடியிது. தொவண்டு போச்சுன்னா அம்மா தூக்கணும். அதுக்கு முதுகு வலி."

அம்மா தனக்கு ஒரு வலியும் இல்லை என்று சாதிக்கிறார். நான் இங்கே வரும்வரை இந்த விறைப்பை முழு எதிரி என்றே நினைத்திருந்தேன். இவர்களுக்கு அதில் ஒரு பங்கு வேண்டியிருக்கிறது! ராத்திரிக்கு உதை கூடாது, காலைக்கு முட்டு வேண்டும். நேரத்துக்கு நேரம் அளவை மாற்றி ஓட இந்த வட்டுக்குத் தெரியும்.

"அஞ்சு பர்சென்ட் குறைக்கிறேன்" என்கிறார் டாக்டர்.

"பத்து மேடம்."

"இதென்ன காசிமேட்டு ஏலமா? அஞ்சு. அடுத்த வாரம் போன்ல சொல்லு, பார்க்கலாம்."

"ஏழரை?"

"ஏழரையெல்லாம் வேணாம்டா" என்று அம்மா பதறுகிறார், எண்ணைக் கேட்டு. சிஸ்டர் சிரிப்பை அடக்க மாஸ்க்கைச் சரிசெய்கிறார். தம்பி ஐந்து என்று தட்டி, இன்னொரு முறை டாக்டரிடம் காட்டி உறுதி வாங்கி, அடுத்து நிரப்ப வேண்டிய கடைசித் தேதியை அச்சடித்துக் கொடுக்கிறார். அந்தத் தேதியில் மாமா பெண் கல்யாணம் என்று அம்மாவும், அதற்கு முன்னாலேயே வாருங்கள் என்று சிஸ்டரும் இழுத்துக்கொண்டிருக்க, கீழே வேன்காரர் விடாமல் ஹார்ன் அடிக்கிறார். லாரி வரிசை கட்டிவிடுமாம். வார்டுபாய் மட்டும் தூக்குச்சட்டியை இன்னும் கொடுக்கவில்லை.